எட்வர்ட் மூங்க்: நெருக்கமும் அச்சமும்

‘அலறல்’ ஓவியத்தின் வாயிலாக நீங்கள் அறிந்திருக்கக்கூடிய நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1863-இல் பிறந்தார். ஐந்து வயதில் தாயையும், 13 வயதில் தமக்கையையும் காசநோய்க்குப் பறிகொடுத்தார்.

1898-இல் டுல்லா லார்சனுடன் காதல் ஏற்பட்டது. நெருங்குவதும் விலகுவதுமாக அவ்வுறவு அலைந்தது. அவர் திருமணத்தைத் தவிர்த்தே வந்தார். 1902-இல் இருவருக்குமிடையே மூண்ட பிணக்கில் துப்பாக்கி வெடித்து, அவரது இடக்கை விரல் சிதைந்தது, உறவும் முறிந்தது. மதுப்பழக்கம் முற்றிய நிலையில் 1908-இல் கோபன்ஹேகன் மருத்துவமனையில் சேர்ந்து, பல மாதங்கள் சிகிச்சை பெற்றார். பின்னர் அளவுமீறிய குடியைக் கைவிட்டு, 1944-இல் மறையும் வரை ஓவியம் தீட்டினார்.

அவருக்குப் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு இருந்திருக்கலாம் எனச் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மறைந்தவருக்கு நோயை உறுதிசெய்ய இயலாது. எனினும், கைவிடப்படுவோமோ என்ற ஓயாத அச்சம், விரைந்து மாறும் உணர்ச்சிகள், நிலையற்ற உறவுகள், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவை இக்கோளாறின் அறிகுறிகள்.

உங்களிடமோ உங்கள் துணையிடமோ இவை தொடர்ந்து காணப்பட்டால், குணக்கேடு என ஒதுக்காதீர்கள். மூங்க் காலத்தில் இல்லாத பேச்சுவழிச் சிகிச்சைகள் இன்று உள்ளன. மனநல மருத்துவரை அணுகுங்கள். உயிருக்கு ஆபத்தான எண்ணம் எழுந்தால் காத்திராமல் டெலி மானஸ் 14416 எண்ணை அழையுங்கள்.