டாக்டர் முத்துலக்ஷ்மி அம்மையாரும் ஆங்கிலச் சொல்லறிவும்

ஆங்கில நூல்களைப் பயிலும் மாணவருக்குச் சொற்பெருக்கம் இன்றியமையாதது. அதிலும் மனோதத்துவம், ஒழுக்கநூல், சமூகநூல் முதலிய துறைகளிற் புகுவோர், மனிதரின் நடத்தையைக் குறிக்கும் நுண்ணிய சொற்கள் பலவற்றை எதிர்கொள்ள வேண்டியவராவர். அகராதியைப் பார்த்து அச்சொற்களை நிரல்பட எழுதி மனனஞ் செய்துவிட்டால் போதுமென்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். ஒரு மரத்தைத் தவறான பெயரால் அழைத்துவிட்டால் மரத்திற்கு ஒரு நட்டமுமில்லை. ஒருவருடைய செய்கைக்கு நாம் இடும் பெயரோ, அவரைப் பற்றிய தீர்ப்பாகவும் ஆகிவிடுகின்றது. ஆதலின் இத்தகைய சொற்களைக் கற்பவர் அவற்றின் பொருளோடு எடையையும் அறிதல் வேண்டும். இவ்வுண்மைக்குத் தம் வாழ்நாளையே உரையாக விட்டுச் சென்றவர் புதுக்கோட்டை தந்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ஆம் தேதி புதுக்கோட்டையிற் பிறந்தார். இன்று மாவட்டமாக விளங்கும் அந்நிலப்பகுதி அக்காலத்தில் தொண்டைமான் மன்னர்களின் ஆட்சிக்குட்பட்ட சமஸ்தானமாக இருந்தது. தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராயிருந்த கல்விமான். தாயார் சந்திரம்மாள் இசையும் நடனமும் வளர்த்த தேவதாசியர் குலத்திற் பிறந்தவர். கற்றறிந்த தந்தையும் ஊரார் வேறு கண்கொண்டு நோக்கிய தாயும் வாழ்ந்த இல்லத்தில் வளர்ந்தமையால், ஒரே குடும்பத்தை உலகம் எத்தனை பெயர்களால் அழைக்கக்கூடும் என்பதனை அம்மையார் இளமையிலேயே உணர்ந்திருத்தல் கூடும்.

பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் அருகிய அந்நாளில் தந்தையார் மகளைப் பள்ளிக்கு அனுப்பினார். பருவமெய்தியபின் வழக்கப்படி பள்ளி நின்றது; கல்வி நிற்கவில்லை. வீட்டிலிருந்தபடியே ஆங்கிலமும் பிற பாடங்களும் பயின்று 1902-ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார். தாயாரோ மகளுக்குத் தக்க வரன் தேடுவதிலேயே கவலைகொண்டிருந்தார்.

அடுத்து எழுந்தது கல்லூரிப் பிரச்சினை. மகாராஜா கல்லூரி ஆண்மக்கள் பயிலுமிடம். அம்மையாரின் விண்ணப்பம் வந்தபோது மாணவர்களின் பெற்றோர் சிலரும் கல்லூரியைச் சேர்ந்தோரும் தடை கூறினர். அவள் பெண், அதன்மேல் இன்ன குலத்துத் தாயின் மகள், அவள் வகுப்பிலிருந்தால் மாணவரின் நடத்தை கெடும் என்பதே அத்தடையின் சாரம். இதனை நாம் சற்றே ஊன்றி நோக்க வேண்டும். புத்தகமும் கையுமாகக் கற்க வந்த ஓர் இளம்பெண் யாதொரு தீங்கும் செய்தாளில்லை. எனினும் அவள் செய்யாத செய்கைக்கு முன்னதாகவே ஒரு பெயர் சூட்டப்பட்டுவிட்டது. அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அத்தடைகளைப் புறக்கணித்து அவரைச் சேர்க்கச் செய்து உபகாரச் சம்பளமும் வழங்கினார். பின்னர் ஆசிரியப்பணி ஏற்கலாமென்பது தந்தையாரின் கருத்து. அம்மையாரின் உள்ளமோ மருத்துவத்தை நாடியது.

1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, பரிசுகளும் பதக்கங்களும் பெற்று, 1912-இல் பட்டம் எய்தினார். மருத்துவப் பட்டம் பெற்ற இந்தியப் பெண்மணிகள் அந்நாளில் மிகச் சிலரே. எழும்பூர் அரசாங்கப் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். மருத்துவநூல் அவருக்கு வேறொரு வகையான ஆங்கிலத்தை அளித்தது எனலாம். நோய்க்குப் பெயரிடும் மருத்துவன் நோயாளியைப் பழிப்பதில்லை. காய்ச்சல் கண்டவனைக் குற்றவாளி என்று எந்நூலும் கூறாது. கண்டதைக் கண்டவாறு கூறி, காரணத்தை ஆராய்ந்து, தீர்க்கும் வழியைத் தேடுவதே அம்மொழியின் இயல்பு.

1914-ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாது என்னும் உடன்பாட்டின்பேரிலேயே அத்திருமணத்திற்கு இசைந்தாரென்பது பலரும் அறிந்த செய்தி. 1925-ஆம் ஆண்டில் அரசாங்க உதவியுடன் இங்கிலாந்து சென்று, பெண்கள் குழந்தைகளின் நோய்கள் பற்றிய உயர்கல்வி பெற்றார். 1926-இல் பாரிஸ் நகரில் நடந்த சர்வதேச மாதர் மகாநாட்டிற் கலந்துகொண்டார். தாயகம் திரும்பியபின் இந்திய மாதர் சங்கத்தாரின் முயற்சியால் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்று, அச்சபையின் முதற் பெண் உறுப்பினரானார். 1927-ஆம் ஆண்டில் அதன் உபதலைவராக ஒருமனதாய்த் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அக்காலச் சட்டசபை நடவடிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. ஆகவே இளமையிற் கற்ற ஆங்கிலச் சொற்களையெல்லாம் அம்மையார் எடுத்தாள வேண்டிய காலம் வந்தது. 1927-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். அத்தீர்மானம் நிறைவேறியது. ஆயினும் அதனைச் சூழ்ந்தெழுந்த விவாதம் சில சொற்களைப் பற்றிய விவாதமாகவே பல்லாண்டு நீண்டது.

முதலாவது சொல் டெடிகேஷன் என்பது. தமிழில் பொட்டுக்கட்டுதல் என்னும்போது ஒரு சிறுமியின் கழுத்தும் அதிற் கட்டும் பொட்டும் கண்முன் தோன்றுகின்றன. ஆங்கிலத்தில் டெடிகேஷன் என்றவுடன் கட்டியவர் மறைந்து, கட்டப்பட்ட குழந்தை மறைந்து, தெய்வத்திற்கு அர்ப்பணம் என்னும் உயர்ந்த ஒலி மாத்திரம் எஞ்சுகின்றது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகள் இளம் பெண்களை விபசாரத்திற்காக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருந்தன. எனினும் கோயிற் சடங்கென்று பெயர் பெற்ற ஒரு செயலை அப்பிரிவுகளின்கீழ்க் கொணர்ந்து நோக்கத்தை மெய்ப்பித்தல் எளிதாயில்லை.

இரண்டாவது கஸ்டம் என்பது. வழக்கம் நெடுங்காலமாக நிலவுவது. அதன் பழமையே அதற்கு ஆதரவு என்றனர் எதிர்த்தோர். அவர்களுள் முதன்மையானவர் திருமயத்திற் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி. அவரும் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிற் பயின்றவர். அம்மையாரினும் ஓராண்டு இளையவர். ஆங்கிலப் பேச்சில் வல்லவர். ஒரே கல்லூரியில் ஆங்கிலம் கற்ற இருவர் ஒரே சபையில் ஒரே வழக்கத்திற்கு இருவேறு பெயரிட்டனர். அவர் சமயமரபையும் கலையையும் அதிற் கண்டார். இவர் வாய்பேச இயலாத குழந்தையைக் கண்டார்.

மூன்றாவது கன்ஸென்ட் என்பது. சம்மதம் என்பதற்கு அறிவும் பருவமும் வேண்டும். ஏழெட்டு வயதுச் சிறுமி தலைகுனிந்து நிற்பது அடங்குதலேயன்றிச் சம்மதமாகாது. இவ்வேறுபாட்டை விடாமற் பற்றிக்கொண்டதே அம்மையாருடைய வாதத்தின் வலிமை. இளமை மணத்தைத் தடுக்கும் முயற்சியிலும் அவர் இக்கருத்தையே வற்புறுத்தினார்.

இவ்விடத்தில் மற்றொரு குரலையும் நாம் செவிமடுத்தல் வேண்டும். அம்மையாரை எதிர்த்தவர்களுள் தேவதாசியர் குலத்துப் பெண்மணிகளும் இருந்தனர். சென்னையிலிருந்த அவர்களுடைய சங்கத்தார் அரசாங்கத்திற்கு விண்ணப்பம் செய்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அம்முயற்சியில் முன்னின்றார். தேவதாசி என்பதும் விபசாரி என்பதும் ஒரு பொருட்சொற்கள் அல்ல. தம்முள் இசையும் இலக்கியமும் கற்று நேர்மையாய் வாழ்வோர் பலர். அனைவரையும் இழிசொல் ஒன்றினுள் அடக்குதல் முறையன்று என்பது அவர்களுடைய முறையீடு. மறுபக்கத்தில் அதே குலச் சூழலிலிருந்து வெளிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராய்ச் சென்று அவ்வழக்கத்தைக் கண்டித்தார். 1936-இல் அதுபற்றி ஒரு நாவலும் வெளியிட்டார். ஆக, பாதிக்கப்பட்ட பெண்களே இரு பக்கத்திலும் நின்றனர். சிறுமியரைக் காக்க வேண்டுமென்ற அம்மையாரின் நோக்கம் நேரியது. ஆனால் ஒரு வழக்கத்தைக் கண்டிக்க எடுத்த சொல் ஒரு குலத்து மாதர் அனைவர்மேலும் படிந்தது. 1930-களில் சதிர் என்னும் நடனம் பரதநாட்டியம் என்று புதுப்பெயர் பூண்டு மேடையேறிற்று. அதனைத் தலைமுறை தலைமுறையாய்ப் பேணிய பெண்களுட் பலர் மேடையினின்றும் விலக நேர்ந்தது. நல்லெண்ணத்துடன் ஆளும் சொல்லிற்கும் இவ்வளவு கூர்மையுண்டென்பதை அறிதல், அம்மையாரின் பெருமைக்குக் குறைவாகாது.

அம்மையார் சொல்லோடு நின்றவரல்லர். 1929-ஆம் ஆண்டில் நிறைவேறிய திருத்தச் சட்டத்தால், கோயில் ஊழியத்திற்காக விடப்பட்டிருந்த மானிய நிலங்களை அவ்வூழியத்தினின்று விடுவித்து அப்பெண்களுக்கே உரியனவாக்க வழி பிறந்தது. வறுமைக்கு அஞ்சி மகளுக்குப் பொட்டுக்கட்டும் நிலை இதனால் ஓரளவு தளர்ந்தது. கல்வி நிலையை ஆராய அமைந்த ஹார்டாக் குழுவில் உறுப்பினராயிருந்தார். மாதர் சங்கத்தின் ஸ்திரீ தர்மம் என்னும் பத்திரிகையை நடத்தினார். 1930-இல் காந்தியடிகள் சிறைப்படவே சட்டசபைப் பதவியைத் துறந்தார். அடைக்கலம் தேடிவந்த பெண்களுக்கு வேறு விடுதிகளில் இடமில்லாமற்போகவே, தம் இல்லத்திலேயே இடமளித்தார். அதிலிருந்து வளர்ந்ததே அவ்வை இல்லம். அவ்வில்லத்திற்குத் தமிழ்மூதாட்டியின் பெயரையே சூட்டினார். அங்கு வந்த சிறுமியை இன்ன தொழிலாளியின் மகளென்று எவரும் அழைக்க இடமில்லை. அவள் அவ்வை இல்லத்து மாணவியானாள். பொட்டுக்கட்டுதலை விலக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டில் நிறைவேறியது. தீர்மானம் பிறந்து இருபதாண்டு கடந்தபின் அதன் பயனைக் கண்ணாரக் காணும் பேறு அம்மையாருக்குக் கிட்டிற்று.

அவர் தங்கையார் புற்றுநோயால் மாண்ட துயரம் அம்மையாரின் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தது. பெயரைச் சொல்லவும் மக்கள் அஞ்சிய நோய் அது. அம்மையார் அதன் பெயரைப் பொதுமேடையில் உரக்கக் கூறி, மருத்துவமனைக்காக நெடுங்காலம் பொருள் திரட்டினார். 1952-ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. 1956-ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22-ஆம் தேதி, எண்பத்திரண்டு வயது நிறையச் சில நாட்களே இருக்கையில், இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இனி, மாணவர்களாகிய நாம் இவ்வரலாற்றினின்று கொள்ளத்தக்கது யாது? மனித நடத்தையைப் பற்றிய ஆங்கிலச் சொற்களைத் தனித்தனியே கற்றலைவிட, நெருங்கிய இரண்டிரண்டாக வைத்துக் கற்றல் நலம். ஹாபிட் என்பது ஒருவனுடைய பழக்கம். கஸ்டம் என்பது பலருடைய வழக்கம். ஷேம் என்பது பெரும்பாலும் பிறர் கண்ணுக்கு நாணுதல். கில்ட் என்பது தன்னெஞ்சே தன்னைச் சுடுதல். பிட்டி பெரும்பாலும் சற்று மேலிருந்து இரங்குவது. ஸிம்பதி உடனிருந்து உணர்வது. ஸப்மிஷன் வழியின்றி அடங்குவது. கன்ஸென்ட் அறிந்து இசைவது. இவ்வாறு அருகருகே வைத்தவிடத்து ஒவ்வொன்றின் எல்லையும் தெளிவுறும்.

மேலும், புதிய சொல்லொன்று எதிர்ப்படும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இச்சொல் கண்டதைக் கூறுகிறதா, அன்றித் தீர்ப்பும் வழங்குகிறதா? இதனை யார் யாரைப்பற்றிச் சொல்லுகிறார்? இப்பெயரால் அழைக்கப்படுபவர் தமக்கு இப்பெயரை ஏற்பாரா? மூன்றாம் வினாவிற்கு அகராதியில் விடை கிடையாது. மனிதரை நேரிற் கண்டு பழகியே அதனைப் பெறல் வேண்டும். அச்சொல்லுக்கு நம் தாய்மொழியில் உள்ள பெயரையும் ஒப்புநோக்குதல் பெரும்பயன் தரும். டெடிகேஷன் மறைத்ததைப் பொட்டுக்கட்டுதல் என்னும் தமிழ்ச்சொல் காட்டிக்கொடுத்ததை மேலே கண்டோம்.

வகுப்பிற் சேர்ந்தால் பிறர் நடத்தை கெடுமென்று ஒருகாலத்தில் தடுக்கப்பட்ட பெண், பிறர் நடத்தைக்குச் சட்டம் வகுக்கும் சபையின் உபதலைவராய் அமர்ந்தார். அவர் பெற்ற ஆங்கிலச் சொற்கள் பிறரை வியப்பிலாழ்த்தும் அணிகலன்களாய் நின்றுவிடவில்லை. பேசத் தெரியாத சிறுமியர்க்காகப் பேசின. நாம் கற்கும் சொல்லும் யாரேனும் ஒருவருக்கு நீதி செய்யுமாயின், அதுவே கற்றதன் பயனாகும்.