வீதியை வரைந்த கிளாரிஸ் பெக்கெட்

படம் வரையச் சொன்னால் உங்களில் பலர் இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன், கீழே ஓர் ஆறு என்று வரைந்து முடித்துவிடுவீர்கள். தினமும் நடந்து வருகிற பாதையை வரையலாமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அப்படித் தோன்றிய ஓர் அம்மையாரின் கதை இது.

கிளாரிஸ் பெக்கெட் 1887-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், காஸ்டர்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் பேங்க் மேனேஜர். கிளாரிஸ் 1914-இல், 27 வயதில்தான் மெல்பர்ன் நகரின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். மூன்றாண்டுகள் கழித்து மாக்ஸ் மெல்ட்ரம் என்ற ஓவியரிடம் பாடம் கேட்டார். கோடு போட்டு உருவம் வரைவதைவிட, கண்ணில் படும் வெளிச்சத்தையும் நிழலையும் உள்ளபடி தீட்டுவதே முக்கியம் என்பது அவருடைய பாடம்.

1919-இல் குடும்பம் மெல்பர்னுக்கு அருகே பியூமாரிஸ் என்ற கடலோரப் புறநகருக்குக் குடிபோனது. பெற்றோருக்கு உடல்நலம் சரியில்லை. கல்யாணம் செய்துகொள்ளாத கிளாரிஸ்தான் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். படம் வரையத் தனி அறை வேண்டுமென்று கேட்டார், தகப்பனார் சம்மதிக்கவில்லை. சமையலறை மேசையே போதும் என்று சொல்லிவிட்டார்.

அதற்காகக் கிளாரிஸ் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அவருக்குக் கிடைத்த நேரம். வண்ணங்களைச் சின்னத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கும் வீதிக்கும் புறப்பட்டுவிடுவார். மழையில் நனைந்த தார் ரோடு, தந்திக் கம்பம், பனிமூட்டத்தில் வருகிற மோட்டார் வண்டி, டிராம் வண்டி இவையே அவர் படங்கள். ஆரவாரம் எதுவும் கிடையாது. அமைதியான ஒரு தெரு, அவ்வளவுதான். 1923 முதல் பத்தாண்டு காலம் ஆண்டுதோறும் கண்காட்சி வைத்தார். எல்லாம் மங்கலாக இருக்கிறது என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். விற்றவை கொஞ்சமே.

1935 ஜூலை மாதம், அங்கே குளிர்காலம். புயல் வீசும் கடலை வரையப் போனவர் நனைந்து, நிமோனியா கண்டு இறந்துபோனார். வயது 48தான். நாளடைவில் அவரை உலகம் மறந்தே போனது.

1970-இல் ரோசலின்ட் ஹாலின்ரேக் என்ற பெண்மணி, கிளாரிஸின் தங்கையின் உதவியால், பெனல்லா என்ற ஊருக்கு அருகே ஒரு கொட்டகையைப் பார்த்தார். சரியான சுவர்கூட இல்லாத அந்த இடத்தில் சுமார் 2000 ஓவியங்கள் கிடந்தன! மழையும் பிராணிகளும் பெரும்பாலானவற்றைப் பாழாக்கிவிட்டன. காப்பாற்ற முடிந்தவை 369 மட்டுமே. மறு ஆண்டே அவற்றைக் கண்காட்சியில் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய ஓவியக்கூடமும் அவற்றில் சிலவற்றை வாங்கியது. 2021-இல் அடிலெய்டு நகரில் நடந்த பெரிய கண்காட்சி அவர் புகழை மேலும் பரப்பியது.

மாணவர்களே, தனி அறை இல்லை, நேரம் இல்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டு வாசலையும், மழை பெய்த மறுநாள் பாதையையும் வரைந்து பாருங்கள். பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வரைந்த தாளைப் பழைய பேப்பரோடு கட்டிப் போட்டுவிடாதீர்கள். மேசையில் ஓர் ஓரமும், அலமாரியில் ஒரு தட்டும் ஒதுக்கிக் கொடுங்கள். கிளாரிஸின் படங்களுக்கு அந்த இடம் கிடைத்திருந்தால், இன்று நாம் பார்ப்பதற்கு 369 மட்டுமல்ல, 2000 படங்களும் இருந்திருக்கும்.