கல்லைத் தேடி வந்தவர்



மதுரை மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நடராஜரைப் பார்த்திருப்பீர்கள். மற்றக் கோயில்களில் இடது காலைத் தூக்கி ஆடுபவர், இங்கே கால் மாற்றி, வலது காலைத் தூக்கி ஆடுகிறார். நடராஜர் ஏன் ஆடுகிறார், அவர் கையில் ஏன் நெருப்பு? திருமந்திரம் போன்ற தமிழ் நூல்களைக் கொண்டு, இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி உலகுக்கு விளக்கியவர் ஆனந்த குமாரசுவாமி.

இவர் 1877 ஆகஸ்ட் 22 அன்று கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி, பெயர் பெற்ற தமிழ் வழக்கறிஞர். அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தாய் எலிசபெத், இங்கிலாந்து நாட்டவர். தாயும் குழந்தையும் இங்கிலாந்து போயிருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சேரக் கப்பலேற இருந்த தந்தை, 1879-இல் திடீரென இறந்துபோனார். குழந்தைக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. தாய் நாட்டிலேயே வளர்ந்தார் ஆனந்தர்.

லண்டனில் நிலவியலும் தாவரவியலும் படித்தார். 1903-இல் இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு இயக்குநர் ஆனார். தோரியனைட் என்ற புதிய கனிமத்தைக் கண்டுபிடித்தவர் இவர்தான். ஆனால் பாருங்கள், கல்லைத் தேடிக் காட்டிலும் மேட்டிலும் அலைந்தவரின் கண்ணில் வேறொன்று பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தொழில் கற்ற நெசவாளர்கள், தச்சர்கள், கொல்லர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். எங்கும் வெளிநாட்டு ஆலைச் சரக்கு! அவர்களோடு அவர்கள் கலையும் மறைந்துவிடுமே என்று பதறினார். பார்த்ததையெல்லாம் எழுதி வைத்தார். 1908-இல் அது பெரிய நூலாக வந்தது. கையால் இயக்கும் அச்சு இயந்திரத்தில், 15 மாதம் பாடுபட்டு அச்சிட்ட பிரதிகள் 425 மட்டுமே.

பிறகு இந்தியா வந்து ஊர் ஊராகச் சுற்றி ஓவியங்கள் சேர்த்தார். அந்நாளில் பழைய சிற்றோவியம் எதைக் கண்டாலும் மொகலாய ஓவியம் என்றே சொல்லிவிடுவார்கள். அவற்றில் ராஜபுத்திர ஓவியம் தனி வகை என்று எடுத்துக்காட்டியவர் இவர். காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் கட்டினால், தான் சேர்த்ததையெல்லாம் கொடுத்துவிடுகிறேன் என்று முன்வந்தார். கட்டத்தான் ஆளில்லை! இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

1917-இல் அந்த ஓவியங்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போயின. கூடவே அவரும் போனார், இந்தியக் கலைப் பிரிவின் காப்பாட்சியராக. காப்பாட்சியர் என்றால் பூட்டும் சாவியுமாகக் காவல் இருப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சிலை வந்தால், அது எந்த ஊர், எந்தக் காலம், யாருடைய உருவம் என்று ஆராய வேண்டும். கெடாமல் காக்க வேண்டும். பார்ப்பவருக்குப் புரியும்படி வைக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் இதைச் செய்தார்.

பழமையை மட்டும் போற்றியவர் என்றும் எண்ண வேண்டாம். புகைப்படமும் ஒரு கலையா என்று பலர் கேலி பேசிய காலம் அது. ஆல்பிரட் ஸ்டீக்ளிட்ஸ் என்ற புகைப்படக் கலைஞரின் 27 படங்களை 1924-இல் அருங்காட்சியகம் ஏற்றுக்கொள்ளும்படி செய்தார்.

1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரத்தில் அவருடைய எழுபதாவது பிறந்தநாள் வந்தது. அன்று நடந்த விருந்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்தியாவுக்கே வந்துவிடப் போவதாக நண்பர்களிடம் சொன்னார். செப்டம்பர் 9 அன்று, பாஸ்டனுக்கு அருகில் நீதம் என்ற ஊரில் இருந்த தம் வீட்டில் காலமானார். அவர் சேர்த்த ஓவியங்கள் பாஸ்டனிலேயே இருக்கின்றன.