ஆப்பிரிக்க ராஷியஸ்

நாடக மேடையில் ஒப்பாரும் மிக்காருமின்றி விளங்கிய நடிகரை இங்கிலீஷ்காரர் ஒரு காலத்தில் ராஷியஸ் என்று அழைத்தனர். நட்சத்திரம் எனப் பொருள்படும் ஸ்டார் என்ற சொல் கொட்டகை விளம்பரங்களை முற்றிலும் பிடித்துக் கொள்ளுமுன் பெருமையுடன் வழங்கிய பட்டம் அது. காரிக் என்னும் மகா நடிகருக்கு அது உரியதாயிற்று. 1804-ல் லண்டன் பட்டணத்தையே மயக்கிய பெட்டி என்ற பதின்மூன்று வயதுப் பாலகனை இளைய ராஷியஸ் என்றனர்.

பெயருக்கு மூலபுருஷர் ரோமாபுரியில் வாழ்ந்த நடிகர். அவர் அடிமையாய்ப் பிறந்தவர் என்பது வழிவழி வந்த செய்தி. சர்வாதிகாரி ஸுல்லா அவருக்குப் பொன் மோதிரம் அளித்து உயர்குலத்தாரோடு சேர்த்தான். சிஸரோ அவருக்காக நீதிஸ்தலத்தில் வாதாடினார். அவ்வழக்கோ, கொலையுண்ட ஓர் அடிமை நடிகனுக்காகக் கிடைத்த நஷ்ட ஈட்டைப் பங்கிடுவது பற்றியது! சிஸரோவின் நாவன்மைக்கு அந்நடிகரின் நட்பும் துணையாயிற்று என்பர். நடிகரிடம் பட்ட இக்கடனை நம் வக்கீல் கூட்டத்தார் நினைப்பதில்லை.

இத்தகைய பட்டம் ஒரு நீக்ரோவுக்கு வாய்த்த சரித்திரமே நாம் சொல்ல வந்தது. ஐரா ஆல்ட்ரிட்ஜ் 1807-ல் நியூயார்க்கில் பிறந்தார். கறுப்பருக்கென ஏற்பட்ட இலவசப் பள்ளியில் படித்தார். கறுப்பர் நடத்திய நாடகசாலை ஒன்றில் ஆசை மூண்டது. ஆனால் அந்நாட்டில் அவருக்கு மேடை ஏது? பதினேழாம் பிராயத்தில் கடல் கடந்து இங்கிலாந்து சேர்ந்தார். 1825-ல் லண்டனில் கோபர்க் நாடகசாலையில் நடித்தார். உதடுகளின் அமைப்பால் இவருக்கு இங்கிலீஷ் உச்சரிப்பே வராது என்று ஒரு பெரும் பத்திரிகை தீர்ப்பளித்தது. ஆனால் 1828-ல் காவென்ட்ரி நகரத்தார் தங்கள் நாடகசாலையின் நிர்வாகத்தையே இந்த இருபது வயது வாலிபரிடம் ஒப்புவித்தனர். அடிமை வழக்கத்தை ஒழிக்கக் கோரிப் பார்லிமெண்டுக்கு மனுவும் அனுப்பினர்.

ஆப்பிரிக்க ராஷியஸ் என்று விளம்பரங்கள் இவரை முழக்கின. ஸெனகால் தேசத்து அரசகுலத்தவர் என்ற கட்டுக்கதையும் சேர்ந்தது. கூட்டம் சேர்க்க உதவிய பட்டந்தான். எனினும் பெயர்ச்சொல் கொடுத்ததை அடைமொழி பறித்துக் கொண்டது என்பது நம் அபிப்பிராயம். நடிகரைக் காண வருமாறு அழைக்காமல், வேடிக்கையைக் காண வருமாறு அழைத்தது அது.

சோதனை 1833-ல் வந்தது. மார்ச்சு 25-ல் ஒதெல்லோ வேஷத்தில் நடித்துக் கொண்டிருந்த எட்மண்ட் கீன் மேடையிலேயே நிலைகுலைந்து வீழ்ந்தார். ஏப்ரல் 10-ல் காவென்ட் கார்டன் மேடையில் அதே வேஷத்தில் ஆல்ட்ரிட்ஜ் நின்றார். கரிபூசிய வெள்ளையர் ஒதெல்லோவாக நடிப்பதைக் கண்டு களித்த விமர்சகர்களுக்கு, உண்மையான கறுப்பர் ஒருவர் நடித்தது பொறுக்கவில்லை. எல்லன் ட்ரீ என்னும் வெள்ளை நடிகையை அவர் கை தீண்டலாமா என்று ஒரு பத்திரிகை பதறியது. அடிமைகளை வைத்துப் பொருளீட்டியோர், விடுதலை மசோதாவை எதிர்த்துக் கடும் பிரசாரம் செய்த சமயம் அது. இரண்டே இரவுகளுடன் நாடகம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அச்சட்டம் நிறைவேறிற்று. ஆயினும் லண்டனின் பெரிய மேடைகள் நெடுங்காலம் அவருக்குத் திறக்கவில்லை.

அவர் சோர்ந்து விடவில்லை. வெளியூர்களிலும் அயர்லாந்திலும் ஊர் ஊராக நடித்தார். வெள்ளைப் பூச்சு அணிந்து ஷைலக்காகவும் லியர் மன்னனாகவும் மேடையேறினார்! ஒவ்வோர் ஊரிலும் விடைபெறும் இரவில் சபையோரைப் பார்த்து அடிமைகளின் துயரத்தை எடுத்துரைப்பது அவர் வழக்கம்.

1852-ல் ஐரோப்பாவுக்குள் புகுந்தார். அவர் இங்கிலீஷில் பேச, உடன் நடித்தோர் ஜெர்மன் பாஷையில் பேசினர், ரஸம் குன்றவில்லை. பிரஷிய மன்னர் தங்கப் பதக்கம் அளித்தார். 1858-ல் ருஷியத் தலைநகரில், பண்ணையடிமையாய்ப் பிறந்து பத்தாண்டு தண்டனை கழித்துத் திரும்பிய உக்ரேனியக் கவி ஷெவ்சென்கோவின் நட்புக் கிட்டியது. ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஒரு சிறு பெண் இடையில் மொழிபெயர்த்தாள். கவியே சித்திரக்காரருமாதலின் நண்பரின் உருவத்தை வரைந்தார். அது இன்றும் இருக்கிறது.

பிறந்த நாட்டை மறுபடியும் காணாமலே, 1867 ஆகஸ்டு 7-ல் போலந்து நாட்டு லோட்ஸ் நகரில் ஆல்ட்ரிட்ஜ் காலமானார். சமாதியும் அங்கேதான். 1930-ல் லண்டனில் பால் ராப்ஸன் ஒதெல்லோவாக மேடையேறினார். அவருக்கு உச்சரிப்புப் பயிற்சி அளித்தவர் ஆல்ட்ரிட்ஜின் புதல்வி அமாண்டா.