வெப்பத்தின் வழி கண்டவர்

பிரான்சு நாட்டில் ஓசேர் என்பது ஒரு தொன்மையான நகரம். அந்நகரில் 1768ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள், தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஜோசப் ஃபூரியே. பத்து வயதளவிலேயே தாயையும் தந்தையையும் இழந்த அச்சிறுவரை, நல்லோர் சிலர் இரங்கி, துறவியர் நடத்திய படைக்கலப் பள்ளியில் சேர்த்தனர். அங்கே கணிதத்தின்மீது அவருக்குத் தணியாத வேட்கை பிறந்தது. எரிந்து எஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைத் திரட்டிவைத்து, பிறர் உறங்கும் நள்ளிரவில் அவ்வொளியில் கணக்குப் பயின்றார் என்பர். பீரங்கிப் படையிற் சேர விரும்பியபோது, உயர்குடிப் பிறப்பில்லை என்று இடம் மறுக்கப்பட்டது. மறுத்தவர்கள் தம்மை அறியாமலே உலகுக்கு நன்மை செய்தனர்!

பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794ஆம் ஆண்டில் சிறைப்பட்டார். ரோபஸ்பியரின் ஆட்சி கவிழ்ந்தமையால் உயிர் தப்பினார். பின்னர்ப் பாரிசில் ஆசிரியராக விளங்கி, 1798ஆம் ஆண்டில் நெப்போலியனோடு எகிப்துக்குச் சென்றார். 1801ஆம் ஆண்டில் தாயகம் மீண்ட அவரை, மறுஆண்டே நெப்போலியன் கிரனோபிள் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக்கினார். சதுப்பு நிலங்களை வற்றச் செய்தல், மலைவழிச் சாலை அமைத்தல் முதலிய பணிகளுக்கிடையே அவர் ஓர் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். வெப்பம் ஒரு பொருளினூடே எவ்வாறு செல்கிறது என்பதே அது.

இரும்பு வளையத்தை ஓரிடத்தில் காய்ச்சி, அதன் பல இடங்களில் வெப்பமானிகளைப் பொருத்தி அளந்தார். அளந்தவற்றைக் கணிதத்தோடு ஒப்பிட்டார். அவர் கண்ட விதி எளியது. சுவரின் ஒருபுறம் வெம்மையும் மறுபுறம் தண்மையும் இருப்பின், வெப்பம் தண்மையை நோக்கி ஓடும். இருபுறத்து வெப்பநிலை வேற்றுமை இருமடங்கானால் ஓடும் வெப்பமும் இருமடங்காகும். சுவரின் தடிப்பு இருமடங்கானால் அது பாதியாகும். சுவர் எப்பொருளால் ஆயது என்பதும் கணக்கிற் சேரும். இரும்பு விரைந்து கடத்தும், மரம் மெல்லக் கடத்தும்.

1807ஆம் ஆண்டு திசம்பரில் இவ்வாராய்ச்சியைப் பாரிசு அறிஞர் கழகத்தின்முன் வைத்தார். எத்தகைய வெப்பநிலைப் பரவலையும் சீரான அலைகள் பலவற்றின் கூட்டாக எழுதிவிடலாம் என்றது அவர்தம் முறை. கணிதப் பேரறிஞர் லக்ராஞ்சு இதனை ஒப்பவில்லை. 1812ஆம் ஆண்டில் கழகம் பரிசளித்தபோதும், நிறுவியது போதாது என்ற குறையையும் உடன் கூறியது, கட்டுரையோ அச்சேறவில்லை. ஃபூரியே மனந்தளராமல் ஆய்வைத் தொடர்ந்து, 1822ஆம் ஆண்டில் வெப்பத்தைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். அவ்வாண்டே அக்கழகத்தின் நிலையான செயலாளரும் ஆனார். ஆனவர், கிடப்பிற் கிடந்த தம் பரிசுக் கட்டுரையை மாற்றம் ஏதுமின்றி அச்சேற்றினார். அவர் வாதாடவில்லை, அச்செயலே போதுமானதாயிற்று.

அப்பெருநூலில், அடைத்த இடங்கள் சூடேறுவதைப் பற்றி ஒரு பகுதி உண்டு. வெளியே கடுங்குளிர், உள்ளே ஓயாது எரியும் கணப்பு. அறை எவ்வளவு சூடாகும்? முதலில் வெப்பம் விரைந்து ஏறும். ஏற ஏறச் சுவர்வழி வெளியேறுவதும் மிகும். வரவும் செலவும் ஒத்தவிடத்து ஏற்றம் நின்றுவிடும். இல்லறத்தார் வரவு செலவு போன்றதே இதுவும். சுவரின் பரப்பு, தடிப்பு, கடத்துதிறன், கணப்பின் வெம்மை, வெளிக்குளிர் ஆகியவற்றை அறிந்தால் அந்நிலையை முன்கூட்டியே கணித்துவிடலாம். சுவருக்குள் சுவராகப் பல அடைப்புகள் அமைந்தால் வெம்மை மேலும் தங்கும் என்பதையும் அவர் காட்டினார்.

இக்காலத்தில் குளிர்நாட்டுப் பொறியாளர் ஒரு மாளிகையை எழுப்புமுன்பே அதனைக் கணிப்பொறியில் எண்களாக அமைத்துப் பார்க்கின்றனர். சன்னல்வழி வரும் வெயிலும், உள்ளிருப்போரின் உடற்சூடும் அக்கணக்கில் வரவாகும். மாலையில் அலுவலகம் அடைத்தபின் கணப்பைத் தணித்தால் சுவர் எத்துணை நேரம் சூட்டைக் காக்கும்? காலையில் மக்கள் வருமுன் எப்பொழுது மீண்டும் மூட்ட வேண்டும்? முந்தினால் எரிபொருள் வீண். பிந்தினால் வந்தோர் நடுங்குவர். பகலின் வெம்மையும் இரவின் தண்மையும் சுவரினுள் அலையாய்ப் புகுந்து, ஆழம் மிக மிகத் தணிந்தும் காலந்தாழ்ந்தும் செல்லும். அவ்வலையைக் கணிக்கும் சமன்பாடு ஃபூரியே தந்ததே.

இத்தகையவர் தம் அறையில் மட்டும் சிக்கனம் பார்த்திலர். எகிப்திலிருந்து மீண்ட நாள்முதல் சிறு குளிரையும் பொறார். பிறர் தங்கவியலாத அளவு அறையைச் சூடாக்கி, கோடையிலும் தடித்த உடை அணிந்திருப்பார் என்று உடன் வாழ்ந்தோர் எழுதிவைத்துள்ளனர். 1830ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் பாரிசில் உயிர் நீத்தார். அந்நகரின் பேர் லாசேசு இடுகாட்டில் அவர்தம் கல்லறை எகிப்தியச் சிற்பமுறை தழுவி அமைந்துள்ளது.