குர்ட் டாங்க்: மருத் விமானத்தைச் செதுக்கிய ஜெர்மானியர்

தேஜஸ் பறக்குற வீடியோவை ஒரு தடவையாவது பார்க்காதவங்க நம்ம கல்லூரியில இருக்க மாட்டாங்க. முதல் தேஜஸ் படைப்பிரிவு 2018-ல் கோயம்புத்தூர் பக்கத்துல இருக்குற சூலூருக்கு வந்தது. சிவகிரியில காலையில பஸ் ஏறினா பொழுது சாயுறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம். ஆனா தேஜஸ் முதன்முதலா பறந்த 2001-க்குச் சுமார் 40 வருஷம் முன்னாடியே பெங்களூரு வானத்துல ஒரு இந்திய ஜெட் போர் விமானம் பறந்துடுச்சு. அதோட பேர் எச்.எஃப்-24 மருத். அதை வடிவமைச்சவர்தான் குர்ட் டாங்க்.

குதிரைப்படையிலிருந்து வானத்துக்கு

1898-ல் அன்றைய ஜெர்மனியின் புரோம்பெர்க் நகரத்தில் பிறந்தார் டாங்க். அந்த ஊர் இன்னைக்கு போலந்துல இருக்கு. முதல் உலகப்போர் வந்தப்போ அவருக்கு விமானப்படை ஆசை. அப்பா விடலை, குதிரைப்படைக்குத்தான் போக வேண்டியதாச்சு. போர் முடிஞ்சு பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படிச்சார். சில விமான நிறுவனங்களில் வேலை பார்த்துட்டு, 1931-ல் ஃபோக்க-வுல்ஃப் நிறுவனத்துக்கு வந்தார்.

அவர்கிட்ட ஒரு தனிப் பழக்கம் உண்டு. தான் வரைந்த விமானத்தைத் தானே ஓட்டிப் பார்ப்பார். டிசைனரும் டெஸ்ட் பைலட்டும் ஒரே ஆள்! அவர் குழுவின் கோண்டோர் பயணிகள் விமானம் 1938 ஆகஸ்ட்டில் பெர்லினில் இருந்து நியூயார்க்குக்கு எங்கும் இறங்காமல் சுமார் 25 மணி நேரத்தில் பறந்து சேர்ந்தது.

ஒரே விமானம், பல வேலை

இன்னைக்கு நாம பல்பணிப் போர் விமானம்னு சொல்றோம் இல்லையா? வானத்துல எதிரி விமானத்தோட சண்டை போடணும், தரையில குண்டும் போடணும், எல்லாம் ஒரே விமானம் செய்யணும். அந்த எண்ணத்தின் ஆரம்ப வடிவம் டாங்கின் ஃபோக்க-வுல்ஃப் 190-ல் இருக்கு.

அந்தக் காலத்து மெசர்ஷ்மிட் 109-ம் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரும் அவர் கண்ணுக்குப் பந்தயக் குதிரைகள். வேகம் உண்டு, ஆனா கரடுமுரடான களத்துக்குத் தாங்காது. குதிரைப்படையில் இருந்தவருக்குப் போர்க்களத்தில் எந்தக் குதிரை உழைக்கும்னு தெரியும். அதனால சேறான ஓடுதளத்திலும் தடுமாறாமல் இறங்க, சக்கரங்களை அகலமாக விலக்கி வைத்தார். காற்றால் குளிரும் 14 சிலிண்டர் என்ஜினைப் பொருத்தினார். தண்ணீரால் குளிரும் என்ஜின் என்றால் ரேடியேட்டரில் ஒரு தோட்டா பாய்ந்தாலே கதை முடிஞ்சுடும். 1939-ல் முதலில் பறந்த இந்த விமானம் 20,000 வரை தயாரானது. சண்டை விமானமாகவும், குண்டுவீச்சு விமானமாகவும், தரைத்தாக்குதல் விமானமாகவும் வேலை பார்த்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இது நாஜி ஆட்சிக்காகச் செய்த வேலை. ஃபோக்க-வுல்ஃப் ஆலைகளில் கட்டாயமாகப் பிடித்து வரப்பட்ட மக்கள் உழைத்தார்கள். வடிவமைப்பு எவ்வளவு அழகா இருந்தாலும், அது யார் கைக்குப் போகுதுங்கிற கேள்வி பொறியாளரை விடாது.

அர்ஜென்டினா வழியாக இந்தியா

ஜெர்மனி தோற்ற பிறகு டாங்க் 1947-ல் பெத்ரோ மத்தியெஸ் என்ற வேறு பெயரில் அர்ஜென்டினா போனார். கோர்டோபா நகரில் புல்கி-2 என்ற ஜெட் விமானத்தை உருவாக்கினார்; 1950-ல் அது பறந்தது. 1955-ல் அதிபர் பெரோனின் ஆட்சி கவிழ்ந்ததும் குழு கலைஞ்சு போச்சு.

அப்போதான் இந்தியா அழைத்தது. 1956-ல் டாங்கும் அவரோட ஜெர்மன் பொறியாளர்கள் சிலரும் பெங்களூரு எச்.ஏ.எல்.-க்கு வந்தார்கள்.

நம்ம தமிழ்நாட்டுக்கும் இதுல ஒரு தொடர்பு உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் தான் படித்த நாட்களைப் பற்றி எழுதும்போது அப்துல் கலாம் தன் சுயசரிதையில் டாங்கைக் குறிப்பிடுகிறார். அதே பக்கங்களில் கலாமின் ஆசிரியர் ஸ்பாண்டரும் வருகிறார். அவர் ஆஸ்திரியர், நாஜி வதைமுகாமில் அடைபட்டவர். நாஜிக்களுக்கு விமானம் செய்தவரும் அவர்களால் சிறைப்பட்டவரும் ஒரே நாட்டின் விமானத்துறைக்கு அடித்தளம் போட்டிருக்காங்க. யோசிச்சுப் பார்த்தா மனசு கனக்குது.

மருத் எப்படி உருவானது?

அதுவரை எச்.ஏ.எல். சொந்தமாக வடிவமைத்ததில் பெயர் சொல்லக்கூடியது எச்.டி-2 என்ற சிறிய பயிற்சி விமானம்தான். அதுவும் புரொப்பல்லர் வைத்தது. அங்கிருந்து நேரா ஒலியின் வேகத்தைப் போல் இரு மடங்குக்குப் போகணும்னு விமானப்படை கேட்டது! வாமனன் மூன்றடி கேட்ட மாதிரிதான்.

டாங்க் படிப்படியாகப் போனார். முதலில் மரத்தால் முழு அளவு கிளைடர். அதை டகோட்டா விமானத்தில் கட்டி இழுத்து மேலே கொண்டு போய் விட்டு, வடிவம் காற்றில் எப்படி நடந்துகொள்கிறது என்று 1959 முதல் சோதித்தார்கள். மருத்தின் உடலை மேலிருந்து பார்த்தா இடுப்பு ஒடுங்கியிருக்கும். இறக்கை சேரும் இடத்தில் குறுக்குவெட்டுப் பரப்பு திடீர்னு கூடினா, ஒலிவேகத்தை நெருங்கும்போது இழுவிசை எகிறும். அதைச் சமன் செய்யத்தான் அந்த ஒடுக்கம். ஏரோ மாணவர்களுக்கு இது ஏரியா ரூல்.

1961 ஜூனில் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் மருத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டார்.

என்ஜின் வைத்த ஆப்பு

உடல் தயார். உயிர்? மருத் வரையப்பட்டதே பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 என்ற என்ஜினை நம்பித்தான். ஆஃப்டர்பர்னருடன் சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரவேண்டியது அது. பிரிட்டன் அந்தத் திட்டத்தைப் பாதியில் கைவிட்டது. பணம் கொடுத்தால் தொடரலாம் என்றார்கள், இந்தியா கொடுக்கவில்லை. கிடைத்தது ஆஃப்டர்பர்னர் இல்லாத ஆர்ஃபியஸ் 703. ஒவ்வொன்றும் சுமார் 2,200 கிலோதான். கணக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவு!

மாற்று என்ஜினைத் தேடி எகிப்து வரைக்கும் போனாங்க. எதுவும் கைகூடவில்லை. இரு மடங்கு ஒலிவேகத்துக்காகப் பிறந்த விமானம் கடைசிவரை நேர்ப்பறப்பில் ஒலிவேகத்தைத் தாண்டவே இல்லை. உள்நாட்டிலேயே ஆஃப்டர்பர்னர் சேர்த்துச் சோதித்தபோது, 1970 ஜனவரியில் மருத் விழுந்து சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். பெங்களூருவில் இன்றும் ஒரு சாலை அவர் பெயரைச் சுமக்கிறது.

இத்தனைக்கும் மருத் தோல்வின்னு சொல்லிட முடியாது. 147 விமானங்கள் தயாராகின. நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள், ராக்கெட்டுகள், இறக்கைக்கடியில் குண்டுகள் என்று தரைத்தாக்குதலுக்கு ஏற்றதாக இருந்தது. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தாழப் பறந்து தாக்கியது. வான்சண்டையில் ஒரு மருத்கூட வீழ்த்தப்படவில்லை. மாறாக, ஒரு சேபர் விமானத்தை மருத் வீழ்த்தியதாகப் பதிவு இருக்கு.

டாங்க் விட்டுப்போனது

1967-ல் டாங்க் ஜெர்மனி திரும்பினார். 1983-ல் மியூனிக்கில் காலமானார். மருத்துக்கு அடுத்த தலைமுறை விமானத்தை உடனே தொடங்கியிருந்தால் பெங்களூருவில் அவரோடு கற்றவர்களின் அனுபவம் கைமாறியிருக்கும். அது நடக்கலை. தேஜஸ் திட்டம் 1980-களில் ஏறக்குறைய புதுசாத்தான் ஆரம்பிச்சது.

என்ஜின் கதையும் திரும்ப வந்தது. தேஜஸுக்காகத் தொடங்கிய காவேரி என்ஜின் எதிர்பார்த்த உந்துவிசையை எட்டலை. 2008-ல் அது தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. இன்னைக்கும் தேஜஸ் அமெரிக்க என்ஜினில்தான் பறக்குது.

இறக்கையும் உடலும் வரைய நமக்கு 60 வருஷம் முன்னாடியே தெரியும். டர்பைன் பிளேடுக்கான உலோகம், அந்த வெப்பத்தைத் தாங்கும் பூச்சு, பல ஆயிரம் மணி நேரச் சோதனை: பாக்கி இருக்குறது இதுதான். மெக்கானிக்கல், மெட்டலர்ஜி படிக்கிறவங்களே, தெர்மோ பேப்பரை அரியர் வைக்கிறதுக்கு முன்னாடி மருத்தை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!