ஜான் கிப்பன்

கண்மாய் மடையைப் பழுதுபார்க்க வேண்டுமாயின், முதலில் நீரை வேறு வழியே திருப்பிவிடுதல் வேண்டும். மல்லாங்கிணற்று உழவர் இதனை நன்கறிவர். இருதயத்தைத் திறந்து சீர்செய்யவும் குருதியை அவ்வாறே திருப்பிவிடுதல் வேண்டும். எங்கே திருப்புவது? சில நிமிடங்கள் குருதி நின்றாலும் மூளை கெடும், உயிர் நீங்கும். ஆதலின் இருதயத்தின் உட்குறையைத் தீர்த்தல் இயலாது என்றே மருத்துவர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அதற்கு வழி கண்டவர் ஜான் கிப்பன்.

இவர் 1903-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மருத்துவர் குடியில் பிறந்தார். 1930-இல் பாஸ்டன் நகரில் பணியாற்றுங்கால், நுரையீரற் குருதிக்குழாய் அடைபட்ட பெண்ணொருவரின் அருகே இரவு முழுதும் இருந்து கவனிக்கும் பொறுப்பு இவருக்கு வாய்த்தது. பிராணவாயு குன்றிய அப்பெண்ணின் குருதி மேலும் மேலும் கருத்தது. இறுதியில் செய்த அறுவையும் பயன் தரவில்லை, அப்பெண் இறந்தார். அக்குருதியை வெளியே எடுத்து, பிராணவாயு ஊட்டி, மீண்டும் உடலுட் செலுத்த ஒரு பொறி இருந்திருப்பின் அவர் பிழைத்திருப்பாரன்றோ என்னும் எண்ணம் கிப்பனை விட்டு அகலவில்லை.

இம்முயற்சிக்கு ஊக்கமளித்தோர் சிலரே. மனைவி மேரி உடன்நின்றார். ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்ற அவ்வம்மையார் பொறி அமைப்பதிலும் சோதனைகளிலும் சரிபங்கு கொண்டார். இதனை மறத்தல் தகாது. தெருப்பூனைகளைக் கொண்டு இருவரும் சோதனை நடத்தினர். 1935-இல் ஒரு பூனையின் நுரையீரற் குழாயை அடைத்து, பொறியின் துணையாலேயே அதனை உயிருடன் வைத்திருந்தனர். பின்னாளில் ஐ.பி.எம். நிறுவனத்துப் பொறியாளர்கள் உதவினர். கம்பிவலைத் திரைகளின்மேல் குருதி மெல்லிய படலமாக வழிந்து பிராணவாயுவைப் பெற்றது. அது உறையாதிருக்க ஹெப்பாரின் என்னும் மருந்து பயன்பட்டது.

1952-இல் இப்பொறியின் துணையோடு அறுவை செய்யப்பெற்ற முதற் குழந்தை இறந்தது. 1953 மே 6-ஆம் நாள், 18 வயதுப் பெண்ணொருவரின் இருதய மேலறைகளுக்கிடையே இருந்த துளையைக் கிப்பன் தைத்து மூடினார். 26 நிமிடங்கள் பொறியே அவருக்கு இருதயமும் நுரையீரலுமாய் நின்றது. அவர் நலமுற்று வீடு திரும்பினார்.

புகழ் வந்தது. ஆனால் அவ்வாண்டு ஜூலையில் அறுவை செய்யப்பெற்ற சிறுமியர் இருவர் இறந்தனர். கிப்பன் தம் பொறியைக்கொண்டு செய்யும் அறுவையை நிறுத்திவிட்டார். எனினும் தாம் கண்டதை மறைக்கவில்லை. பொறியின் வரைபடங்களை மேயோ மருத்துவமனைக்கு அளித்தார். அங்கே கிர்க்லின் என்பார் அதனைச் செம்மைப்படுத்தி, 1955-இல் எண்மருக்கு அறுவை செய்தார், நால்வர் பிழைத்தனர். பின்னர், ஆண்டுதோறும் பிழைப்போர் தொகை பெருகலாயிற்று. 1962-இல் நம் வேலூரிலும் மருத்துவர் கோபிநாத் திறந்த இருதய அறுவையை வெற்றியுறச் செய்தார்.

கிப்பன் 1973-இல் காலமானார். ஈராண்டு கழித்து, மூச்சுவிட இயலாத பச்சிளங்குழந்தை ஒன்றைக் கலிபோர்னியாவில் பார்ட்லெட் என்னும் மருத்துவர் இத்தகைய பொறியில் நிமிடக்கணக்கிலன்றி நாட்கணக்கில் வைத்துக் காத்தார். அக்குழந்தை பிழைத்தது.